நாற்காலி நிரந்தரம், ஊழியர் மட்டும் தற்காலிகமா?

தலைநகர் தில்லியில் மத்திய அரசின் சார்நிலை அலுவலகம் ஒன்றில் ஓர் இளம்பெண் ஐந்தாண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறார். வந்துசேரும் கடிதங்களைப் பதிவு செய்வது, கோப்புகளைக் கணினியில் ஏற்றுவது, பிரிவு அலுவலர் தரும் குறிப்புகளைத் தட்டச்சு செய்வது, மாத அறிக்கை தயாரிப்பது ஆகியன அவருடைய வேலைகள். இந்த ஐந்தாண்டுகளில் அவருடைய நாற்காலி மாறவில்லை. மேசை மாறவில்லை. வேலை வாங்கும் அதிகாரியும் மாறவில்லை. 'முதலாளி' மட்டும் மூன்று முறை மாறிவிட்டார். ஒப்பந்தப்புள்ளி மாறும்போதெல்லாம் புதிய முகமை, புதிய விண்ணப்பம், புதிய அடையாள அட்டை. பழைய அனுபவம் முழுவதும் கழிக்கப்பட்டு, அவர் மீண்டும் முதல் நாள் ஊழியராகிறார்.

அவருடைய தந்தை 1980களில் தட்டச்சு, சுருக்கெழுத்துச் சான்றிதழ்களோடு ஜி.டி. எக்ஸ்பிரசில் ஏறித் தில்லிக்கு வந்த தமிழர். பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுதி எழுத்தராகச் சேர்ந்து, பிரிவு அலுவலராக ஓய்வு பெற்று, இன்று ஓய்வூதியத்தில் வாழ்கிறார். மகளுக்கு வணிகவியல் பட்டமும் கணினிப் பயிற்சியும் உண்டு. தந்தை தொடங்கிய அதே எழுத்தர் பணியைத்தான் மகளும் செய்கிறார். ஒரு தலைமுறைக்குள் வேலை மறைந்துவிடவில்லை. வேலைக்குரிய உரிமைகளே மறைந்துவிட்டன.

அண்மையில் தந்தையும் மகளும் நம் அலுவலகத்திற்கு வந்திருந்தனர். புதிய முகமை பொறுப்பேற்று மூன்று மாதங்கள் ஆகியும் பழைய முகமை கடைசி இரண்டு மாத ஊதியத்தைத் தரவில்லை. முகமைக்காரர் தொலைபேசியை எடுப்பதில்லை. அலுவலகத்தில் கேட்டால், முகமையின் பட்டியலுக்கு உரிய தொகை முழுவதும் வழங்கப்பட்டுவிட்டது, இனி அவர் முகமையோடுதான் பேசிக்கொள்ள வேண்டும் என்று பதில் வருகிறது. வேலை வாங்கியவருக்குப் பொறுப்பில்லை. பணம் வாங்கியவருக்கு முகவரியில்லை. இடையில் உழைத்தவர் நிற்கிறார். இது ஒரு பெண்ணின் தனிப்பட்ட துயரம் அன்று. நாடெங்கும் அரசு அலுவலகங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் வேரூன்றிவிட்ட ஒரு முறையின் அன்றாட விளைவு. ஆகவேதான் இதைத் தலையங்கப் பொருளாகக் கொள்கிறோம்.

வாசலிலேயே தொடங்கும் சுரண்டல்

தில்லியின் நேரு பிளேஸ், லட்சுமி நகர் போன்ற பகுதிகளில் குறுகிய மாடிப்படிகளின் மேல் இத்தகைய சிறு முகமைகள் இயங்குகின்றன. இரண்டு மேசை, ஒரு கணினி, சுவரோரம் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். வேலை தேடி வரும் இளைஞரிடம் முதலில் கேட்கப்படுவது பதிவுக் கட்டணம். பிறகு புகைப்படம், ஆதார் நகல், சான்றிதழ்கள். சில இடங்களில் மூலச் சான்றிதழ்களையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பத்து நிமிடத் தட்டச்சுச் சோதனை முடிந்தபின் 'அழைப்பு வரும்' என்று அனுப்பிவிடுகிறார்கள். அழைப்பு வந்துவிட்டால் முதல் மாத ஊதியத்தில் ஒரு பகுதி முகமைக்கு. பின்னர், வங்கிக் கணக்கில் முழு ஊதியம் வரவு வைக்கப்பட்டாலும், அதில் ஒரு பகுதியை மாதந்தோறும் ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை. கணக்கேடு சட்டப்படி இருக்கும். கையில் நிற்கும் தொகை சட்டத்திற்கு அப்பாற்பட்டதாக இருக்கும். கொடுக்க மறுப்பவருக்கு அடுத்த ஒப்பந்தத்தில் இடமில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் எண் உடன்பாடு 1997ஆம் ஆண்டில் உருவானது. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறக்கூடாது என்பது அதன் பொதுவிதி. இந்தியா அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கும் கட்டணத்திற்கு வரம்பு உண்டு. ஆனால் ஒருவரைத் தில்லியிலேயே ஓர் அலுவலகத்தில் சேர்த்துவிடும் முகமையைக் கட்டுப்படுத்த, நாடு முழுமைக்குமான அத்தகைய சட்டம் இல்லை. குவைத்துக்குப் போகிறவருக்குக் காகிதத்திலாவது இருக்கிற பாதுகாப்பு கரோல்பாகுக்குப் போகிறவருக்குக் கிடையாது.

இந்த இடைத்தரகர் நமக்குப் புதியவர் அல்லர். இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துச் சென்ற கங்காணியைத் தமிழகத்துக் கிராமங்கள் நன்கறியும். கல்கத்தாச் சணல் ஆலைகளில் அவருக்கு சர்தார் என்று பெயர். மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் கூலிமுறையை ஆராயும்போது, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நுழையும் இந்த ஒட்டுண்ணியைத் தனியே சுட்டிக்காட்டுகிறார். முதலாளி தரும் விலைக்கும், தொழிலாளியின் கைக்குப் போய்ச்சேரும் தொகைக்கும் உள்ள வேறுபாடே இடைத்தரகரின் இலாபம். ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னும் கணக்கு மாறவில்லை. அன்று கையில் பிரம்பும் பேரேடும் இருந்தன; இன்று கணினியும் ஒப்பந்தப்புள்ளியும் இருக்கின்றன.

அரசே காட்டிய வழி

வேலை தேடுவோருக்கும் வேலைக்கும் இடையே தரகர் தேவையில்லை என்ற கொள்கையை இந்திய அரசு ஒரு காலத்தில் ஏற்றிருந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காக 1945இல் தொடங்கப்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள், விடுதலைக்குப் பின் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. கட்டணமின்றி வேலைவாய்ப்புச் சேவை வழங்குவதற்கான 88ஆம் எண் உடன்பாட்டிற்கு இந்தியா ஏற்புறுதி அளித்ததும் அதே ஆண்டில்தான். காலியிடத்தைத் தெரிவிப்பது கட்டாயமே தவிர, அங்கிருந்து ஆள் எடுப்பது கட்டாயமில்லை என்ற ஓட்டை அச்சட்டத்திலேயே இருந்தது. ஆயினும் வேலை என்பது பொதுச் சேவையின் பொறுப்பு என்ற எண்ணமாவது இருந்தது. நவதாராளமயக் கொள்கை அந்த எண்ணத்தையே துடைத்தெறிந்தது.

2021 மார்ச் 1 நிலவரப்படி மத்திய அரசில் அனுமதிக்கப்பட்ட சுமார் 40.35 லட்சம் பணியிடங்களில் 9.79 லட்சம் இடங்கள் காலியாக இருந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இடம் காலி, வேலை காலியில்லை. கடிதம் வருவதும் கோப்பு நகர்வதும் நிற்பதில்லை. எனவே அந்த வேலை முகமைகள் வழியாகச் செய்து முடிக்கப்படுகிறது. 2016இல் தொடங்கப்பட்ட 'ஜெம்' என்னும் இணையவழிக் கொள்முதல் தளத்தில் அரசு அலுவலகங்கள் மேசை, நாற்காலி, காகிதம், கணினி வாங்குகின்றன. 'மனிதவளச் சேவை' என்ற தலைப்பில் மனிதரின் உழைப்பையும் அதே தளத்தில்தான் வாங்குகின்றன. வாங்கிய நாற்காலி அலுவலகத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. அதில் அமர்ந்து உழைப்பவரின் பெயர் அலுவலகத்தின் எந்தப் பணிப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். 2024 அக்டோபர் முதல் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தில், எழுத்தர் பிரிவுக்குப் பெருநகரங்களில் நாளொன்றுக்கு 954 ரூபாய், 26 நாட்களுக்கு 24,804 ரூபாய். நிரந்தரக் கீழ்நிலை எழுத்தரின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,900 ரூபாய். 2025 ஜூலை முதலான 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 31,442 ரூபாய். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, ஆண்டு ஊதிய உயர்வு, மருத்துவ வசதி, விடுப்பு ஆகியன இதற்கு மேல். ஒரே அறையில், ஒரே வேலைக்கு இரு வேறு விலைகள்.

வேறொரு விந்தையும் உண்டு. இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டுக்கான ஊதிய வரம்பு 2017 முதல் 21,000 ரூபாயில் நிற்கிறது. வருங்கால வைப்பு நிதிக்கான வரம்பு 2014 முதல் 15,000 ரூபாயில் நிற்கிறது. குறைந்தபட்ச ஊதியமே இவ்விரு வரம்புகளையும் தாண்டிவிட்டது. இதன் பொருள் என்ன? சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் பெறும் எழுத்தருக்கு இஎஸ்ஐ கிடையாது. ஏற்கனவே வைப்பு நிதி உறுப்பினராக இல்லாமல் புதிதாகச் சேர்பவரை அத்திட்டத்திற்கு வெளியே நிறுத்தவும் முகமைக்கு வழியிருக்கிறது. குறைந்தபட்ச ஊதியம் கேட்டால் சமூகப் பாதுகாப்பை இழக்க வேண்டும் என்பதே அரசு வகுத்துள்ள நியாயம்!

நீதிமன்றம் திறந்த கதவும் மூடிய கதவும்

ஒப்பந்தத் தொழிலாளர் (முறைப்படுத்தல் மற்றும் ஒழித்தல்) சட்டம் 1970இல் வந்தது. 'ஒழித்தல்' என்ற சொல் அதன் பெயரிலேயே இருந்தது. நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்யும் அதிகாரம் அரசுக்கு வழங்கப்பட்டது. ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டால் தொழிலாளர் நேரடி ஊழியராகிவிடுவர் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. ஒப்பந்தம் வெறும் போலி மறைப்பு என்று மெய்ப்பித்தால்தான் நேரடி ஊழியர் என்ற உரிமை கிட்டும் என்பது அன்று முதல் நிலை. 2006இல் வந்த உமாதேவி வழக்கின் தீர்ப்பு, முறையான தேர்வின்றிச் சேர்க்கப்பட்டோர் பணிநிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. முறைகேடான நியமனங்களைத் தடுப்பதற்கென வந்த அத்தீர்ப்பையே கேடயமாக ஏந்தி, அரசுகள் ஆண்டுக்கணக்கில் தற்காலிக ஊழியரைச் சுரண்டின.

எதிர்த்திசையிலும் சில வெளிச்சங்கள் உண்டு. அரசின் தற்காலிக ஊழியர்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியக் கோட்பாடு பொருந்தும் என்று 2016இல் பஞ்சாப் அரசு தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டுகள் துப்புரவுப் பணியிலும் தோட்டப் பணியிலும் இருந்தோர் நீக்கப்பட்டு, அவ்வேலைகள் வெளியாருக்கு விடப்பட்டன. அந்த வழக்கில் 2024 டிசம்பர் 20 அன்று அவர்களை மீண்டும் பணியில் அமர்த்தி நிரந்தரமாக்க நீதிமன்றம் ஆணையிட்டது. உமாதேவி தீர்ப்பு ஊழியருக்கு எதிரான ஆயுதமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதையும் அத்தீர்ப்பு கண்டித்தது. ஆனால் இவை பெரிதும் அரசு நேரடியாக அமர்த்திய ஊழியர்களின் வழக்குகள். முகமை நடுவில் நிற்கும்போது, 'அவர் எங்கள் ஊழியரே அல்லர்' என்று கைகழுவும் வசதி அரசுக்குக் கிடைத்துவிடுகிறது. சிறு முகமையின் உண்மையான பயன்பாடு இதுதான். ஆளைத் தேடித் தருவது அதன் சிறு வேலை. பொறுப்பிலிருந்து அரசையும் முதலாளியையும் தப்பவைப்பதே அதன் பெருவேலை.

தொகுப்புச் சட்டங்கள் செய்தது என்ன?

தொழிற்சங்கங்களின் ஒன்றுபட்ட எதிர்ப்பையும் 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தையும் பொருட்படுத்தாமல், மோடி அரசு 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 50. ஆக, 49 பேரை வைத்திருக்கும் முகமைக்கு ஒப்பந்ததாரர் உரிமமே தேவையில்லை. நாம் மேலே கண்ட இரண்டு மேசை முகமைகள் இந்த வாசல் வழியாகவே வெளியேறிவிடும். ஒரே முகமையை மூன்று பெயர்களில் நடத்துவதும் கடினமான காரியம் அன்று.

'முதன்மைச் செயல்பாடுகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது' என்று தொகுப்பு ஒரு புறம் சொல்கிறது. மறுபுறம், ஒரு செயல்பாடு வழக்கமாக ஒப்பந்ததாரர் மூலமே நடந்து வருவதாயின் அதற்கு விலக்கு என்கிறது. முதலில் இருபதாண்டுகள் சட்டத்தை ஏய்த்து ஒப்பந்த முறையைப் புகுத்த வேண்டும். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது என்று கூறி விலக்குப் பெற வேண்டும். தவறு நெடுநாள் நீடித்தால் அதுவே உரிமமாகிவிடுகிறது.

தொகுப்புகளைத் திரும்பப் பெற வேண்டும் என்ற நமது கோரிக்கையில் மாற்றமில்லை. ஆயினும், களத்தில் நிற்பவர் கையில் கிடைப்பதை எறிந்துவிடக் கூடாது. வேலையளிப்பவர் ஊதியம் வழங்கத் தவறினால், ஊழியர் பணிபுரியும் நிறுவனத்தின் உடைமையாளரே அதற்குப் பொறுப்பு என்கிறது ஊதியத் தொகுப்பின் 43ஆவது பிரிவு. வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும் விலகினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய பாக்கி தரப்பட வேண்டும் என்பது 17ஆவது பிரிவு. பணி நியமனக் கடிதம் தருவது வேலையளிப்பவரின் கடமை. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தாது என்றாலும், அங்கு ஒப்பந்ததாரர் மூலம் பணிபுரிவோருக்குப் பொருந்தும் என்று அத்தொகுப்பே கூறுகிறது. எழுத்தில் உள்ள இவற்றை நடைமுறைப்படுத்தச் செய்வதற்கும் சங்கம்தான் வேண்டும். தனியொருவர் கேட்டால் மறுநாள் அவருக்கு வேலையிராது.

நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி

நம் அலுவலகத்திற்கு வந்த அந்தத் தந்தை, புறப்படும் முன் ஒன்றைச் சொன்னார். முப்பதாண்டுகள் சங்கத்தில் இருந்தவர் அவர். வேலைநிறுத்தங்களில் ஊதியம் இழந்தவர். அவர் பிரிவு அலுவலராக இருந்தபோது அவரிடமே இரண்டு முகமை ஊழியர்கள் வேலை செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஊதியம் ஒழுங்காக வருகிறதா என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லையாம். சங்கக் கூட்ட அறிவிப்பை அவர்களைக் கொண்டே தட்டச்சு செய்ததாகவும், அவர்களைக் கூட்டத்திற்கு அழைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்றும் கூறினார். இதைச் சொல்லும்போது அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

தோழர்களே, இது அவர் ஒருவரின் தவறு அன்று. நமது இயக்கத்தின் குறை. ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரைத் திரட்டுவதில் தொழிற்சங்க இயக்கம் நெடுந்தூரம் வந்திருக்கிறது. அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களின் போராட்டங்கள் நாடறிந்தவை. ஆனால் அலுவலகத்தில் அடுத்த மேசையில் அமர்ந்திருக்கும் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் இன்னும் பல சங்கங்களின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நிரந்தர ஊழியர் எண்ணிக்கை சுருங்கச் சுருங்க, அவரை ஒதுக்கிய சங்கமும் சுருங்கும். இன்று அவரை மலிவாக வாங்க முடிவதால்தான் நாளை நிரந்தரப் பணியிடம் ஒழிக்கப்படுகிறது. அவருக்காகப் போராடுவது கருணைச் செயலன்று. நிரந்தர ஊழியரின் தற்காப்பும் அதுவே.

எனவே அலுவலகங்களில் பணிபுரியும் தோழர்களும், தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் உள்ள தமிழ்க் கிளைகளும் உடனே மேற்கொள்ள வேண்டிய பணிகள் உள்ளன. தத்தம் அலுவலகத்தில் முகமை வழியே பணிபுரிவோர் எத்தனை பேர், எந்த முகமை, எத்தனை ஆண்டு, என்ன ஊதியம் என்ற பட்டியலைத் தயாரிக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதி பிடித்தம் செய்யப்பட்டால், அத்தொகை உண்மையில் கணக்கில் ஏறுகிறதா என்பதை அவர்களோடு அமர்ந்து சரிபார்க்க வேண்டும். வருகைப் பதிவு, விடுப்பு அனுமதி, அதிகாரி அனுப்பிய மின்னஞ்சல், பணி ஆணை, அடையாள அட்டை ஆகியவற்றின் நகலைப் பாதுகாக்கச் சொல்ல வேண்டும். வேலையை மேற்பார்வையிடுபவர் யார், விடுப்புத் தருபவர் யார் என்பதைக் காட்டும் இச்சான்றுகளே ஒப்பந்தம் போலி என்று நிறுவப் பயன்படும். சங்க விதிகளைத் திருத்தி அவர்களை உறுப்பினராக்க வேண்டும். அது உடனடியாக இயலாத இடத்தில் தனிச் சங்கம் அமைக்கத் துணை நிற்க வேண்டும். அவர்கள் பெயரால் நிரந்தர ஊழியர் சங்கம் மனுக் கொடுத்தால் பழிவாங்குவது கடினம்.

முகமை மாறினாலும் பணித்தொடர்ச்சி கணக்கில் கொள்ளப்பட வேண்டும். பணிக்கொடையும் பேறுகால விடுப்பும் அதன் அடிப்படையில் வழங்கப்பட வேண்டும். தொழிலாளரிடம் கட்டணம் வாங்கும் முகமைகள் தண்டிக்கப்பட வேண்டும். இஎஸ்ஐ, வைப்பு நிதி ஊதிய வரம்புகள் உயர்த்தப்பட வேண்டும். சம வேலைக்குச் சம ஊதியம் முகமை ஊழியருக்கும் உறுதி செய்யப்பட வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, காலிப் பணியிடங்கள் முறையான தேர்வின் மூலம் நிரப்பப்பட வேண்டும்; ஆண்டுக்கணக்கில் அங்கு உழைத்தோருக்கு வயது வரம்புத் தளர்வும் அனுபவத்திற்கான முன்னுரிமையும் அளிக்கப்பட வேண்டும். இவை நமது கோரிக்கைகள்.

அந்த இளம்பெண்ணின் இரண்டு மாத ஊதிய பாக்கிக்காக, அவருடைய அலுவலகச் சங்கத்தின் பெயரில் 43ஆவது பிரிவைச் சுட்டி மனு எழுதப்பட்டிருக்கிறது. அதே அறையில் அவரைப் போன்ற ஊழியர்கள் மேலும் பதினோரு பேர் இருப்பது மனு எழுதும்போதுதான் சங்கத்திற்குத் தெரியவந்தது. பன்னிரண்டு பேரும் கையொப்பமிட்டுள்ளனர். ஐந்தாண்டுகளில் அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் இது. ஒவ்வோர் அலுவலகத்திலும் இப்படி ஒரு பட்டியல் தயாராகட்டும். ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கட்டும்.